சேமியாவும் ரவையும்: பழைய .303-க்கு மருந்து தேடிய அனுபவம்

என் தாத்தா நீலகிரியில் அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். குன்னூரிலிருந்து மலை ரயிலில் ஊட்டிக்குப் போனவர்கள் வெலிங்டன் தாண்டியதும் அந்த ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். பிரிட்டிஷ் இந்தியப் படைக்கு கார்டைட் என்ற துப்பாக்கி மருந்து செய்வதற்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த ஆலை அது. தாத்தா வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சட்டைப்பையைத் தட்டிப் பார்ப்பார். தீப்பெட்டி இருந்தால் எடுத்துத் திண்ணையில் வைத்துவிட்டுத்தான் படியிறங்குவார். அவர் செய்த மருந்து எந்தத் துப்பாக்கிக்குப் போகிறது என்று எனக்குச் சின்ன வயதில் தெரியாது. கோயம்புத்தூரில் கல்லூரி என்.சி.சி.யில் டிரில்லுக்காக .303 லீ-என்ஃபீல்டு ரைஃபிளைக் கையில் கொடுத்தபோதுதான் தெரிந்தது. நான்கு கிலோ கனம். தோளில் வைத்து மைதானத்தை இரண்டு சுற்று சுற்றினால் எலும்பு வலிக்கும்.

முப்பது வருடம் கழித்து, கனடாவில் மிசிசாகாவில் குடியிருக்கும்போது, அதே .303 வகைத் துப்பாக்கி ஒன்று எனக்குச் சொந்தமாகக் கிடைத்தது. 1943-இல் லாங் பிராஞ்ச் ஆலையில் செய்த நம்பர் 4 லீ-என்ஃபீல்டு. அந்த ஆலை இருந்த இடம் என் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம். போர்க்காலத்தில் அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஏறக்குறைய ஒன்பது லட்சம் துப்பாக்கிகள் அங்கிருந்து போயிருக்கின்றன. இன்று அந்த இடத்தில் மிஞ்சியிருக்கும் சோதனைக் கட்டடத்தில் ஓவியக் கண்காட்சி நடக்கிறது. இந்தியாவில் .303 தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட அளவு. இங்கே பயிற்சி வகுப்பு, தேர்வு, உரிமம் எல்லாம் முடித்தால் வாங்கலாம். நான் அப்படித்தான் வாங்கினேன்.

துப்பாக்கி வாங்கியாயிற்று, தோட்டாவுக்கு எங்கே போவது? ஒரு காலத்தில் மலிவாகக் கிடைத்த படைத்துறை மிச்சச் சரக்கு தீர்ந்துவிட்டது. கடையில் விற்கும் புதுத் தோட்டா விலை அதிகம், அதுவும் வந்தால் உண்டு. ஆகவே சுட்ட பித்தளைக் கூட்டையே எடுத்து, புது பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வைத்து, மருந்து போட்டு, குண்டை அமர்த்தித் திரும்பப் பயன்படுத்துவதுதான் வழி. இதில் ஈடுபட்டு ஏழு வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் நான் அதிகம் திணறியது மருந்தைத் தேர்ந்தெடுப்பதில்தான். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். எத்தனை கிரெய்ன் எடை மருந்து போட வேண்டும் என்ற கணக்கை மட்டும் இங்கே எழுதமாட்டேன். அதை மருந்து நிறுவனம் வெளியிடும் கையேட்டில் மட்டுமே பாருங்கள். என் துப்பாக்கிக்குச் சரியானது உங்கள் துப்பாக்கிக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு விஷயம் புரிந்தால் மற்றது எளிது. .303 தோட்டா, கொட்டி நிரப்பும் மருந்தை மனதில் வைத்து உருவானது அல்ல. 1888-இல் அது வந்தபோது உள்ளே அழுத்திய கரிமருந்து. சில ஆண்டுகளிலேயே ஏபெல், டூவர் என்ற இருவர் 1889-இல் உருவாக்கிய கார்டைட் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. கார்டைட் என்றால் கயிறு போன்றது என்றே பொருள். எங்கள் கிளப்பில் ஒரு பெரியவர் மார்க் 7 என்ற பழைய படைத்துறை .303 தோட்டா ஒன்றைப் பிரித்து, கண்ணாடிப் புட்டியில் போட்டு வைத்திருக்கிறார். பழுப்பு நிறத்தில், காய்ந்த இடியாப்ப இழைகளை ஒரே நீளத்துக்கு வெட்டிக் கட்டி வைத்தது போல இருக்கும். அந்தக் கட்டு கூட்டின் கழுத்து வழியாக நுழையவே நுழையாது. எப்படி வைத்தார்கள்? கழுத்தைக் குறுக்குவதற்கு முன்பே, கூடு நேர்க்குழாயாக இருக்கும்போதே இழைக்கட்டை உள்ளே இறக்கிவிட்டு, அதன் பிறகு கழுத்தை ஒடுக்கினார்கள். மருந்து உள்ளே இருக்கும்போதே பித்தளையை வளைக்கும் வேலை! அதைப் பார்த்தபோது திண்ணையில் கிடந்த தீப்பெட்டிதான் ஞாபகம் வந்தது.

ஆக, கொட்டி அளக்கும் சிக்கல் நம்மைப் போல வீட்டில் நிரப்புகிறவர்களின் சிக்கல். ஒரு .303 கூட்டுக்குள் போகும் மருந்து மூன்று கிராம்கூட வராது. அளக்கும் அலகு கிரெய்ன். நம் ஊர் நகைக்கடைக் கணக்கில் சொன்னால் ஒரு குன்றிமணியில் ஏறக்குறைய பாதி. நாம் கவலைப்படுவது அதிலும் பத்தில் ஒரு பங்கைப் பற்றி.

அளப்பதற்கு மெஷர் என்று ஒரு கருவி இருக்கிறது. மேலே மருந்து நிரப்பும் குப்பி, நடுவில் பள்ளம் உள்ள உருளை, பக்கத்தில் கைப்பிடி, அடியில் குழாய். கைப்பிடியைத் தூக்கினால் பள்ளம் நிரம்பும். இறக்கினால் குழாய் வழியாகக் கூட்டுக்குள் கொட்டும். கவனியுங்கள், இது எடை போடுவதில்லை. ஆழாக்கு மாதிரி, கன அளவைத்தான் அளக்கிறது. எனவே மருந்தின் உருவம் எப்படியோ அப்படித்தான் அளவும் வரும்.

துப்பாக்கி மருந்து மூன்று உருவத்தில் வரும். செதில் செதிலாக இருப்பது பெரும்பாலும் கைத்துப்பாக்கிக்கும் ஷாட்கன்னுக்கும். ரைஃபிளுக்கு உரியவை குச்சியும் உருண்டையும். குச்சி மருந்தை இடியாப்ப உழக்கு போல அச்சில் பிழிந்து, நறுக்கிச் செய்வார்கள். ஐ.எம்.ஆர். 4064, ஐ.எம்.ஆர். 3031 போன்றவை நீளக் குச்சிகள். இவற்றுக்கு நல்ல பெயர் உண்டு, நூறு வருடத்து ராணுவ ரைஃபிள்காரர்கள் இன்றும் விரும்புகிறார்கள். உருண்டை மருந்து 1930-களில் அமெரிக்காவில் வெஸ்டர்ன் கம்பெனியில் ஃப்ரெட் ஓல்சன் கண்டுபிடித்த முறையில் வருவது. கசகசாவை லேசாக நசுக்கியது மாதிரி இருக்கும், தண்ணீர் போல ஓடும்.

நான் தொடங்கியது நீளக் குச்சியில். பெயர் வேண்டாம், மருந்தின் மேல் குற்றமில்லை. கையேட்டில் .303-க்கு முதல் வரிசையில் இருந்தது, வாங்கினேன். கைப்பிடியை இறக்கும்போது மெஷரிலிருந்து ‘கறக்’ என்று ஒரு சத்தம் வரும். உருளையின் விளிம்பில் மாட்டிய குச்சி நறுக்குப்படும் சத்தம் அது. பத்து முறை கொட்டி, ஒவ்வொன்றையும் தராசில் வைத்து எழுதினேன். மிகக் குறைந்ததற்கும் மிக அதிகத்துக்கும் இடையே 0.7 கிரெய்ன் வித்தியாசம். மெஷரில்தான் கோளாறு என்று நினைத்துக் கழற்றித் துடைத்தேன், மாட்டினேன், திரும்ப அதே கதை.

ஒரு சனிக்கிழமை நான் இப்படி எழுதிக்கொண்டிருந்தபோது என் மனைவி தேநீரோடு கீழே வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “என்னங்க, சேமியாவை யாராவது டம்ளர்ல அளப்பாங்களா? ரவைன்னா டம்ளர், சேமியான்னா தராசு” என்றாள். அவ்வளவுதான். நான் மூன்று வாரம் தலையைப் பிய்த்துக்கொண்ட விஷயத்தின் விளக்கம் முழுவதும் அதில் இருந்தது. குச்சிகள் ஒரு தடவை நெருங்கிப் படுக்கும், ஒரு தடவை குறுக்கும் நெடுக்குமாக நிற்கும். ஒரே பள்ளத்தில் ஒவ்வொரு முறையும் வேறு எடை. ரவை எப்போதும் ஒரே மாதிரிதான் அடுக்கும்.

ஆனால் 0.7 கிரெய்ன் ஒரு தொல்லைதானே தவிர ஆபத்தில்லை. ஆபத்து வேறு ரூபத்தில் வந்தது. நவம்பர் மாதம், ஐம்பது கூடுகளை மரக்கட்டையில் வரிசையாக அடுக்கி, கொட்டிக்கொண்டே போனேன். முப்பதாவது கூட்டைத் தாண்டி ஏதோ ஒன்றில் கொட்டும்போது, வழக்கமான ‘சர்’ சத்தம் பாதியில் நின்ற மாதிரி இருந்தது. கை நிற்கவில்லை, அடுத்த கூட்டுக்குப் போய்விட்டேன். அந்த அடுத்த கூட்டில் மருந்து விளிம்புவரை வந்து நின்றது. குழாய்க்குள் குச்சிகள் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்துப் பாலம் கட்டியிருக்கின்றன. முதல் கூட்டுக்குப் போக வேண்டியதில் பாதி மேலேயே தங்கி, அடுத்ததில் சேர்ந்து விழுந்திருக்கிறது. ஒன்று அரைகுறை, இன்னொன்று அளவு மீறியது. டார்ச் அடித்துப் பார்த்தேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கூடுகள், ஒன்றில் மருந்து கிணற்றின் அடியில், மற்றொன்றில் கரையில்.

இரண்டுமே கெடுதல். குறைந்த மருந்தில் குண்டு குழலுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளலாம், அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். அதிக மருந்து பற்றிச் சொல்லவே வேண்டாம். லீ-என்ஃபீல்டில் தோட்டாவின் பின்னால் அடைத்து நிற்கும் போல்ட், பின்பக்கம் பூட்டும் அமைப்பு, அதிக அழுத்தத்துக்கு ஏற்றதல்ல. அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தரக்குழு .303-க்கு வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 49,000 பவுண்டு, புதுக்காலத்து .308 தோட்டாவுக்கு 62,000. என் துப்பாக்கிக்கு எண்பது வயது. ஐம்பது கூட்டையும் திரும்பக் கொட்டினேன். அன்றைக்கு வேறு எதுவும் செய்யவில்லை.

அந்த நாளிலிருந்து வைத்துக்கொண்ட பழக்கம் இன்றுவரை மாறவில்லை. குண்டை அமர்த்துவதற்கு முன் எல்லாக் கூட்டையும் கட்டையில் நிற்க வைத்து, மேலிருந்து டார்ச் அடித்து, வரிசை வரிசையாக மருந்தின் மட்டத்தைப் பார்ப்பேன். இரண்டு தடவை. தொலைபேசி அடித்தால் எடுக்கமாட்டேன்.

பிறகு வழவழவென்று ஓடும் மருந்து வேண்டும் என்று உருண்டைக்குத் தாவினேன். கொட்டுவதில் சொர்க்கம். பத்துக்குப் பத்தும் 0.1, 0.2-க்குள் வந்தது. கைப்பிடி வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. கோடை முழுவதும் அதைத்தான் சுட்டேன், இதைவிட வேறென்ன வேண்டும் என்றிருந்தேன்.

ஜனவரியில் திறந்தவெளி ரேஞ்சுக்குப் போனோம். மைனஸ் 14 டிகிரி. தோட்டாப் பெட்டி காரின் டிக்கியில் இரவெல்லாம் கிடந்திருந்தது. குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானியை முன்னால் வைத்துச் சுட்டபோது, ஜூலையில் எழுதி வைத்த சராசரியைவிட நொடிக்கு 90 அடிக்கு மேல் குறைவு. ஒன்றுக்கொன்றும் ஒட்டவில்லை. கூட்டின் கழுத்து கரியாக வந்தது. சுடும் சத்தமே ஒரு மாதிரி சோம்பலாக இருந்தது. உருண்டை மருந்துகளின் மேல் எரிவேகத்தைக் கட்டுப்படுத்தும் பூச்சு உண்டு. அதனால் பொதுவாகப் பற்றவைக்கச் சிரமம் அதிகம், குளிரில் இன்னும் அதிகம். இன்னும் சூடாக எரியும் பிரைமர் போட்டால் சரியாகும் என்று கிளப்பில் சொன்னார்கள். ஆனால் பிரைமரை மாற்றினால் அழுத்தமும் மாறும். கையேட்டில் எந்த பிரைமரோடு சோதித்திருக்கிறார்களோ அதைத் தாண்டி நானாக மாற்ற விரும்பவில்லை. வெயில் காலத்தில் மட்டும் சுடுகிறவருக்கு உருண்டை மருந்து நல்ல தேர்வுதான். எனக்கு வருடத்தில் ஐந்து மாதம் பனி.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு இதுவே பெரிய காரணம். உருண்டை மருந்துக்கு அடர்த்தி அதிகம், கூட்டுக்குள் குறைந்த இடத்தைப் பிடிக்கும். குச்சி மருந்து பரந்து நிரம்பும். மருந்து கூட்டைக் கழுத்தடிவரை நிரப்பினால், தவறிப்போய் இரண்டு முறை கொட்டினால் வெளியே வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். கட்டையில் டார்ச் அடிக்கும்போது குறைவும் அதிகமும் கண்ணுக்கு உடனே பிடிபடும். நன்றாக ஓட வேண்டும், அதே சமயம் கூட்டை நன்றாக நிரப்பவும் வேண்டும். பழைய துப்பாக்கிக்கு மருந்து தேடுகிறவர் இந்த இரண்டையும் சேர்த்தே தேட வேண்டும் என்பது என் முடிவு.

இதற்கு நடுவழி, நறுக்கு சின்னதாக உள்ள குச்சி மருந்து. நான் வந்து நின்றது எச்4895-இல். ஆஸ்திரேலியாவில் முல்வாலா என்ற ஊரில் தயாராகி, ஹாட்ஜ்டன் பெயரில் விற்பது. சேமியாவும் இல்லை, ரவையும் இல்லை, கோதுமை நொய் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் மெஷரில் பத்துக் கொட்டலில் 0.3 கிரெய்ன் வித்தியாசம். உருண்டை அளவுக்கு இல்லை, ஆனால் இதுவரை ஒரு தடவைகூடக் குழாயில் பாலம் கட்டவில்லை. கோடைக்கும் குளிருக்கும் வேக வித்தியாசம் என் துப்பாக்கியில் 25 அடியை ஒட்டித்தான். கூட்டை நன்றாக நிரப்புகிறது. இதற்கென்றே ஒரு தனிக்குணமும் உண்டு. கையேட்டில் உள்ள உச்ச அளவைக் குறைத்துப் போடலாம், ஆனால் அதன் 60 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்று ஹாட்ஜ்டன் நிறுவனமே வழி சொல்லியிருக்கிறது. எல்லா மருந்துக்கும் இந்தச் சலுகை கிடையாது, பல மருந்துகளைக் குறைத்துப் போடுவதே ஆபத்து. என் தோளுக்கும், கிழத் துப்பாக்கிக்கும், புதிதாகச் சுடப் பழகும் என் மகளுக்கும் அந்த மென்மையான தோட்டா பெரிய வரம். முழு அளவில் போட்டால்கூட நான் தேடுவது மார்க் 7 தோட்டாவின் வேகத்தை எட்டுவதல்ல. அது 174 கிரெய்ன் குண்டு, நொடிக்கு 2,440 அடி. நான் அதற்குக் கீழேயே நிற்கிறேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எச்4895 வேறு, ஐ.எம்.ஆர். 4895 வேறு. எண் ஒன்றுதான், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் .30-06 தோட்டாவுக்குப் போட்ட 4895-இலிருந்து வந்த பெயர். ஆனால் இரண்டின் கணக்கும் வெவ்வேறு. ஒருமுறை கிளப்புக்குப் புதிதாக வந்த தமிழ்த் தம்பி ஒருவர், “அண்ணா, ரெண்டும் 4895தானே, கடையில இது இருந்துச்சு, வாங்கிட்டேன்” என்று டப்பாவைக் காட்டினார். கையில் இருந்த அச்சுத்தாள் மற்றதற்கு உரியது. “டப்பாவுல எந்தப் பேர் இருக்கோ அந்தப் பேருக்கான பக்கத்தைத் திறங்க தம்பி, எண்ணைப் பார்க்காதீங்க” என்றேன். வேலை செய்யும் மேஜையில் ஒரே ஒரு டப்பாதான் திறந்திருக்க வேண்டும் என்பதையும் அன்றைக்கே சொல்லிக்கொடுத்தேன்.

எந்த மருந்தாக இருந்தாலும் மெஷரைக் கையாளும் விதத்தில் பாதி இருக்கிறது. அம்மா படியில் அரிசி அளக்கும்போது ஒரு தடவை குலுக்கி, ஒரு தடவை குலுக்காமல் அளக்கமாட்டாள், கவனித்திருப்பீர்கள். இங்கேயும் அப்படியே. கைப்பிடியை ஒரே வேகத்தில் தூக்க வேண்டும், மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு, ஒவ்வொரு முறையும் அதே தட்டு. நான் வாய்க்குள் எண்ணிக்கொள்வேன். குப்பியில் மருந்து பாதிக்குக் கீழே இறங்கினால் மேலிருந்து வரும் பாரம் குறைந்து அளவு மாறும், ஆகவே பாதிக்குக் கீழே விடுவதில்லை. முதல் பத்துக் கொட்டலைத் திரும்பக் குப்பியிலேயே போட்டுவிடுவேன், மருந்து நன்றாகப் படிவதற்காக. பிறகு ஐந்துக்கு ஒன்றைத் தராசில் வைப்பேன். சராசரியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பத்தையும் ஒரே தட்டில் போட்டு எடை பார்த்துப் பத்தால் வகுத்தால் எல்லாம் அழகாகத் தெரியும், கூடிய ஒன்றும் குறைந்த ஒன்றும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும்.

கனடாவின் குளிர்காலத்தில் வீட்டுக்குள் காற்று உலர்ந்து போகும். கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கும் அந்த மின்னேற்றம் குப்பியிலும் புனலிலும் ஏறி, மருந்துத் துகள்கள் பிளாஸ்டிக்கில் எறும்பு மொய்ப்பது போல ஒட்டிக்கொள்ளும். துணி உலர்த்தும் இயந்திரத்தில் போடும் மணத்தாளால் குப்பியின் உட்பக்கத்தைத் துடைத்தால் அடங்குகிறது. வேலை முடிந்ததும் மருந்தைக் குப்பியில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. நைட்ரோகிளிசரின் கலந்த மருந்துகள் பிளாஸ்டிக்கை அரிக்கும் என்பது ஒரு காரணம். ஒரு வாரம் கழித்து வந்து, இது எந்த மருந்து என்று யோசிக்கும் நிலைமை வந்தால் அதைவிட மோசம். தெரியாத மருந்தைத் தூக்கி எறிவதைத் தவிர வேறு வழியில்லை.

நீளக் குச்சிதான் வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களையும் நான் குறை சொல்லவில்லை. மெஷரில் கொஞ்சம் குறைத்துக் கொட்டி, மிச்சத்தைத் துளித் துளியாகத் தராசில் சேர்த்தால் எந்த மருந்தையும் துல்லியமாகப் போடலாம். ஒரு மாலைக்கு இருபது தோட்டா போதும் என்றால் அதுவே அமைதியான வேலை. ஐம்பது, நூறு என்று போகிறவருக்குத்தான் ஓட்டம் முக்கியம்.

உண்மையைச் சொல்ல வேண்டும். நூறு கஜத்தில், என் துப்பாக்கியில், 0.3 கிரெய்ன் வித்தியாசம் அட்டையில் தெரியவே இல்லை. எடை போட்டு நிரப்பிய பத்தும் கொட்டி நிரப்பிய பத்தும் ஒரே மூன்று அங்குல வட்டத்தில்தான் விழுந்தன. அட்டையில் பெரிய மாற்றம் வந்தது குண்டின் விட்டத்தை மாற்றியபோது. குண்டைச் சுழல வைக்கக் குழலுக்குள் மேடும் பள்ளமுமாக வரிகள் உண்டு. .303 என்பது மேட்டுக்கு மேடு உள்ள அளவு, அங்குலத்தில். பள்ளத்துக்குப் பள்ளம் .311-லிருந்து .314 வரைகூடப் போகும், போர்க்கால உற்பத்தி அப்படி. மென்மையான ஈயத்தைக் குழல் வழியாகத் தள்ளி அளந்து பார்த்தேன். .311 குண்டை விட்டு .312-க்கு மாறியதும் ஐந்து அங்குலம் மூன்றாகச் சுருங்கியது. மருந்துக்காகச் செலவழித்த மாதங்களில் ஒரு மாலையை முதலிலேயே இதற்குக் கொடுத்திருக்கலாம்.

கூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மண்ணும் சேறும் புகுந்தாலும் தோட்டா உள்ளே போக வேண்டும் என்பதற்காக இந்தத் துப்பாக்கிகளில் தோட்டா அமரும் அறையைத் தாராளமாகக் குடைந்திருப்பார்கள். சுட்ட கூடு அந்த அளவுக்கு விரியும். ஒவ்வொரு முறையும் முழுக்கூட்டையும் பழைய அளவுக்கு ஒடுக்கினால், நாலைந்து தடவையில் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பித்தளை மெலிந்து துண்டாகும். கழுத்தை மட்டும் ஒடுக்கினால் இரண்டு மடங்குக்கு மேல் உழைக்கிறது. கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து உள்பக்கம் தடவிப் பாருங்கள். வாய்க்கால் மாதிரி பள்ளம் ஏதாவது நெருடினால் அந்தக் கூட்டை நசுக்கிப் போட்டுவிடுங்கள்.

இப்போது கட்டையில் ஐம்பது கூடு நிற்கிறது. மெஷர் சுத்தமாகக் காலி, மருந்து தன் டப்பாவில் மூடியோடு அலமாரிக்குப் போய்விட்டது. மகள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வரிசையாக எட்டிப் பார்த்து எண்ணுகிறாள். நாற்பத்தொன்றில் நிறுத்தி, “அப்பா, இது கொஞ்சம் கீழ இருக்கற மாதிரி இருக்கு” என்கிறாள். கொட்டி எடை பார்த்தோம், சரியாகத்தான் இருந்தது. திரும்ப ஊற்றிவிட்டு, நாற்பத்திரண்டிலிருந்து எண்ணத் தொடங்கியவளை நிறுத்தி, ஒன்றிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன்.